வயிறு என்னோடது, படம் அவனோடது

கண்டக்டர் வீரமணிக்குத் தொந்தி இருக்கிறது என்பது கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும் பஸ் ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவன் ஒருத்தன்தான். வீரமணி.

பதினாறு வருஷமாக ஒரே தனியார் பஸ், ஒரே தடம். கச்சிராயபாளையம் தாண்டினால் உள்ளே காற்று புக இடமிருக்காது. அந்த நெரிசலிலும் வீரமணி ஒருக்களித்துத் திரும்பி நகர்ந்தால் ஜனங்கள் தானாக ஒதுங்கி வழி விடுவார்கள். தன்மேல் இருக்கிற மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து விழும்போதெல்லாம் தையல்காரனைத் திட்டினான். வீட்டுக் கண்ணாடி முகம் மட்டும் தெரிகிற அளவு. அதில் பார்த்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. மீசை நன்றாகவே இருந்தது.

சித்திரை மாசத்தில் ஒரு காலை டிரிப்பில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த உரக்கடை ராசு செல்போனை நீட்டினார்.

"கண்டக்டரே, இத கொஞ்சம் பாருங்க."

'இடையழகு மூலிகைப் பொடி' என்று ஒரு விளம்பரம். இடது பக்கம் 'முன்பு' என்று ஒரு படம், வலது பக்கம் 'பின்பு' என்று ஒரு படம். இடது பக்கத்தில் ஒரு ஆள் அருவிக்கு முன்னால் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் ஈரத் துண்டு. துண்டுக்கு மேலே, துண்டைப் பொருட்படுத்தாமல், வயிறு. கையில் பிரியாணிப் பொட்டலம். கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

வீரமணிக்கு முதலில் அந்த ஆளின்மேல் பரிதாபம்தான் வந்தது. உடம்பை இப்படி விட்டுட்டானே, வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் கிடையாதா என்று நினைத்தான். அப்புறம்தான் துண்டின் கட்டம் கண்ணில் பட்டது. பச்சையும் சிவப்பும். தீபாவளிக்கு மாமியார் எடுத்துக் கொடுத்த துண்டு.

"இது..." என்றான்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் ராசு.

வலது பக்கத்தில் எவனோ ஒரு வடக்கத்திப் பையன், வயிற்றில் ஆறு கட்டோடு நின்றிருந்தான். கழுத்துக்கு மேலே படத்தை வெட்டியிருந்தார்கள். நிறம் வேறு, உயரம் வேறு, தொப்புள்கூட வேறு. கீழே எழுதியிருந்தது: 'ஆனந்தகுமார், திருப்பூர். நாற்பத்தைந்தே நாளில் பத்தொன்பது கிலோ குறைந்தேன்!'

எதற்குக் கோபப்படுவது என்று வீரமணிக்குப் பிடிபடவில்லை. படத்தைத் திருடினதற்கா, வயிற்றைக் காட்டினதற்கா? யோசித்துப் பார்த்தால், ரொம்ப உறுத்தியது அந்தப் பேர்தான். ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி படம் வந்திருக்கிறது, அதிலும் பேர் வேறொருத்தனுக்குப் போய்விட்டது.

ஒரு வாரத்தில் தடம் முழுக்க விஷயம் பரவியது. கோமுகி அணை ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் நலம் விசாரித்தார்கள். "ஆனந்தகுமாரு, நாப்பத்தஞ்சு நாளு ஆவலியா இன்னும்?" டிரைவர் முனியன் பெரியவர், பொறுமைக்காரர், மலை வளைவுகளில் கண்ணை நகர்த்தாதவர். அவரே ஒருநாள், "சிரிச்சி சிரிச்சி ஸ்டேரிங்ல கை நடுங்குது, அந்தப் பேச்ச கீழ எறங்கனப்பறம் வெச்சிக்கங்கப்பா" என்றார். வீட்டில் அம்சவள்ளி படத்தைப் பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா இதவிட நல்ல படமா குடுத்திருப்பனே" என்றாள்.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு வீரமணி போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு இனிப்பு.

"வணக்கம் சார், இடையழகுக்கு அழைத்ததற்கு நன்றி. உங்க எடை எவ்ளோ சார்?"

"எடையெல்லாம் வேணாம்மா. நான் வந்து..."

"தயங்காதீங்க சார். எல்லாரும் முதல்ல தயங்குவாங்க. சொன்னாத்தானே உதவ முடியும்?"

இப்படி அக்கறையாக அவனிடம் யாரும் பேசி நாளாகிவிட்டது. தொண்ணூற்று மூணு என்று சொன்னான். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னான். மூச்சு வாங்குமா என்றாள். மலையில் பஸ் நின்று தள்ள வேண்டி வந்தால் வாங்கும் என்றான். கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

"கவலையே படாதீங்க சார். எங்க கஸ்டமர் ஆனந்தகுமார்னு ஒருத்தர், திருப்பூர். அப்படியே உங்கள மாதிரிதான் இருந்தாரு. இப்ப போய்ப் பாருங்க!"

அப்போதுதான் எதற்குப் போன் போட்டோம் என்பது வீரமணிக்கு ஞாபகம் வந்தது. "ஏம்மா, நான்தாம்மா அந்த ஆனந்தகுமாரு!"

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"வாழ்த்துகள் சார்!" என்றாள். "இன்னொரு டப்பா அனுப்பட்டுங்களா?"

அடுத்து, விளம்பரம் வந்த தளத்திலேயே புகார் பட்டனை அமுக்கினான். பதினோரு தடவை அமுக்கினான். பதினோரு தடவையும் ஒரே பதில் வந்தது: இந்தப் பதிவு எங்கள் விதிகள் எதையும் மீறவில்லை. தன் வயிறு எந்த விதியையும் மீறவில்லை என்று சான்றிதழ் கிடைத்ததில் வீரமணிக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

காலை டிரிப்பில் கச்சிராயபாளையத்தில் ஏறி கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போகிற அருள்மொழி என்ற வக்கீலம்மா ஒருத்தர் உண்டு. சின்ன வயசு, சிரிக்காமல் பேசுகிறவர். அவரிடம் போய் நின்றான்.

"படத்த யாருண்ணே எடுத்தது?"

"என்னத்தான் எடுத்திருக்கு, பாருங்களேன்."

"அது தெரியுது. போன யாரு கையில வெச்சிருந்தாங்க? அமுக்கினது யாரு?"

வீரமணி கொஞ்சம் இழுத்தான். "என் மச்சான். செழியன்னு பேரு."

"அப்ப படம் அவரோடது. போட்டோன்னா எடுத்தவங்கதான் சட்டப்படி சொந்தக்காரங்க."

"வயிறு என்னோடதும்மா!"

"வயிறு உங்களோடதுதாண்ணே. படம் அவரோடது."

"நெட்டுல போட்டுட்டா அது ஊருக்கே பொதுன்னு ராசு சொல்றாரே?"

"அவருக்குத் தெரிஞ்சது உரம். நெட்டுல போட்டா, அந்தத் தளம் அத காட்டிக்கலாம்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். சொந்தத்த எழுதிக் குடுத்ததா அர்த்தமில்ல. எவனோ பொடி விக்கறவன் அத எடுத்து விளம்பரம் போட உரிமை கிடையாது." வக்கீலம்மா பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "கேக்காம உங்க மூஞ்சிய விளம்பரத்துக்குப் போட்டதுக்கு நீங்களும் கேஸ் போடலாம். ஆனா அந்த கம்பெனி எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சி, நோட்டீஸ் விட்டு, அது கோர்ட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நீங்க நெசமாவே இளைச்சிடுவீங்க. சீக்கிரம் ஆகணும்னா உங்க மச்சான் ஒரு காப்பிரைட் புகார் குடுக்கட்டும். அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு. படத்தோட சொந்தக்காரர் கேட்டா தூக்கிடுவாங்க."

ஃபாரம் சுலபம்தான். கஷ்டம் மச்சான்.

செழியன் அம்சவள்ளியின் தம்பி. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ என்று கடை வைத்திருந்தான். ஒருகாலத்தில் வாரம் தவறாமல் மாமாவும் மச்சானும் சேர்ந்து கறி எடுத்துச் சமைப்பார்கள். அந்தப் படம் எடுத்த மேகம் அருவிக்குப் போனதும் அப்படி ஒரு நாளில்தான். படத்தை அன்றைக்கே, 'எங்க மாமா, மலையோட மலையா' என்று எழுதி அவன் பக்கத்தில் போட்டான். படத்தைச் சரியாகப் பார்க்காமலே, நானூறு பேர் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்டதில் வீரமணிக்கு அப்போது பெருமைதான்.

பிறகு வீரமணி பையனின் காதுகுத்து வந்தது. பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருபது அடிக்குப் பத்தடி பேனர். அதில் வீரமணியின் முகம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. தாய்மாமன் செழியனின் முகம் வலது பக்கக் கீழ் மூலையில், புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அதையும் பேனரைக் கட்டின சணல் கயிறு குறுக்கே மறைத்துக்கொண்டிருந்தது. செழியன் சீர்த்தட்டு எல்லாம் இறக்கிவைத்தான், பையனை மடியில் வைத்துக் காது குத்தவிட்டான், கம்மல் போட்டான். எல்லாம் முடிந்தபிறகு எழுந்து, "மடி மட்டும் வேணும், மூஞ்சி வேணாமா மாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். அது ஆகி ஒன்றரை வருஷம். பேனர் கடைக்காரன் பண்ணின கோளாறு என்று வீரமணி எல்லாரிடமும் சொன்னான். செழியன் அக்காவிடம் மட்டும் போனில் பேசுவான். மாமா என்ற வார்த்தையே அவன் வாயில் வருவதில்லை.

அவனிடம் போய் நிற்பதற்கு ஆனந்தகுமாராகவே இருந்துவிடலாம் என்று வீரமணி முடிவு பண்ணினான். அதற்குப் பதிலாகத் தினமும் பஸ்ஸில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தான். டிக்கெட் கொடுத்துக்கொண்டே பேசினான், பாக்கி கொடுத்துக்கொண்டே பேசினான். படிக்கட்டில் தொங்குகிறவர்களும் தப்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியான டிரிப்பில் அவன் குரல் உச்சத்தில் இருந்தது.

"கேக்கறேன் இன்னான்றேன்! ஒருத்தன் படத்த அவன ஒரு வார்த்த கேக்காம எடுத்து, நாலு பேரு சிரிக்கறதுக்குப் போடறான் பாரு, அவன் எல்லாம் மனுசனா? அவனுக்கு அக்கா தங்கச்சி கெடயாதா? அம்மா கெடயாதா?"

"அண்ணே."

நாலாவது சீட்டு ஜன்னல் ஓரத்தில் நர்மதா உட்கார்ந்திருந்தாள். வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண், கள்ளக்குறிச்சியில் காலேஜ் ரெண்டாம் வருஷம். தினமும் ஏறி இறங்குவாள், அதிகம் பேசமாட்டாள்.

"எங்கம்மாவ நீங்க கேட்டீங்களாண்ணே?"

"எந்தம்மாவம்மா?"

"போன வருஷம் ஆடி மாசம். அந்த ரெண்டாவது சீட்டு. வாயத் தொறந்துகினு தூங்கிகினு இருந்தாங்க. நீங்க எடுத்துப் போட்டீங்க. 'உள்ளே போன ஈ ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருக்கிறது'ன்னு படத்துலயே எழுதி." அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்க காலேஜ் குரூப்ல அது வந்துச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மான்னு நான் யாருகிட்டயும் சொல்லல. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

 வீரமணி, கை என்ன செய்கிறதென்று தெரியாமல், விசிலை எடுத்து ஊதிவிட்டான். முனியன் பிரேக் போட்டார். நடுக்காடு. இறங்க யாரும் இல்லை. ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் ரெண்டு விசில் கொடுத்தான். பஸ் கிளம்பியது. அதற்குப் பிறகு வெள்ளிமலை வரைக்கும் அவன் வாயிலிருந்து ஊர்ப் பேர் தவிர வேறொன்றும் வரவில்லை.

மலையில் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும்போது, பின் சீட்டில் உட்கார்ந்து தன் பக்கத்தைத் திறந்து பார்த்தான். ஆமாம், இருந்தது. அவன் போட்ட படங்களிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். நானூற்றுப் பன்னிரண்டு லைக், அறுபத்தோரு பேர் பகிர்ந்திருந்தார்கள். 'கண்டக்டர் கலக்கிட்டீங்க' என்று எவனோ எழுதியதற்கு இரண்டு கை கூப்பி நன்றி சொல்லியிருந்தான். ஒரு மாசம் அந்தப் பெருமையில் திரிந்ததும் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் முகம் மட்டும் ஞாபகம் வரவில்லை. வாய்தான் ஞாபகத்தில் இருந்தது.

படத்தை நீக்கினான். அவன் பக்கத்திலிருந்து போனது. எடுத்து வைத்துக்கொண்டவர்களின் போனிலிருந்து அதை எப்படி எடுப்பது? பொடிக்காரனிடம் போய்த் தன் வயிற்றைத் திரும்பக் கேட்கிற மாதிரிதான்.

மறுநாள் அதே டிரிப்பில் மலைக்கு வந்ததும், முனியனிடம் சொல்லிவிட்டு நர்மதாவின் வீட்டுக்கு நடந்தான். பத்து நிமிஷ நடை, சரிவு. இறங்கும்போதே திரும்பி ஏறவேண்டுமே என்ற கவலை வந்தது. வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து, நர்மதாவின் அம்மா சாமியம்மாள் கடுக்காயைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க கண்டக்டரு, பஸ்ஸு ரிப்பேரா?"

"இல்லம்மா. உங்ககிட்டத்தான் வந்தேன்."

மகள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. யாராவது சொல்லி வைத்திருந்தால் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு ஓடியிருக்கலாம். இப்போது குற்றத்தையும் அவனே சொல்லவேண்டும், மன்னிப்பையும் அவனே கேட்கவேண்டும். மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாகச் சொன்னான். சாமியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காட்டு."

"நீக்கிட்டேம்மா. நெட்டுல இப்ப இல்ல."

"போன்ல இருக்குமில்ல? என் மூஞ்சிய ஊரே பாத்துடுச்சு, நான் பாக்க வேணாமா?"

காட்டினான். அவள் போனைக் கையில் வாங்கி, வெயில் படாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீழ இன்னா எழுதினே?"

"வேணாம்மா."

"படி."

படித்தான். டிக்கெட் கொடுக்கிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. 

"அன்னிக்கி ஈயெல்லாம் இல்ல" என்றாள். பிறகு விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். "இதா பாரு, இவரு தெரியறாரு."

ஜன்னல் பக்கம் ஒரு தோளும், கட்டுப் போட்ட காலும், பாதி முகமும் இருந்தன. வீரமணி அதைக் கவனித்ததே இல்லை.

"பாம்பு கடிச்சி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. நாலு நாளு நான் கண்ண மூடல. மூடினா போயிடுவாரோன்னு பயம். அன்னிக்கி காலையிலதான் டாக்டரு, கூட்டிக்கினு போம்மா, பொழச்சிக்கினாருன்னு சொன்னாரு. பஸ்ஸு ஏறி உக்காந்ததுதான் தெரியும். வெள்ளிமலை வந்தப்புறம் இவருதான் என்ன எழுப்பினாரு."

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு அவள் புருஷன் கரியன் வந்தான். காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தான், மற்றபடி திடமாக இருந்தான். "யாரு, கண்டக்டரா? ஒக்காருங்க" என்றான். வீரமணியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஆனால் அவன் உடம்புக்குப் பூமி கொஞ்சம் பெரிதாகவே பிளக்கவேண்டியிருக்கும்.

"தப்புதாம்மா. போன்லேருந்தும் அழிச்சிடறேன்" என்றான்.

"அழிக்காத." சாமியம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த எழுத்த எடுத்துட்டு எங்க பொண்ணு போனுக்கு அனுப்பு. ஊரு பாத்தது போதும். இனிமே நாங்க பாத்துக்கறோம்." குனிந்து மறுபடி கடுக்காயைக் கிளற ஆரம்பித்தாள். "இன்னொருவாட்டி தூங்கறவங்கள எடுக்காதீங்க கண்டக்டரு. தூக்கத்துல யாரும் அழகு இல்ல. உங்க வூட்டுலயும் கேட்டுப் பாருங்க."

சரிவில் ஏறும்போது மூணு இடத்தில் நின்றான். மூச்சு வாங்கியது வயிற்றால் மட்டும் இல்லை.

திங்கட்கிழமை அவனுக்கு வார ஓய்வு. குளித்து, தொளதொளவென்று ஒரு சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு செழியன் கடைக்குப் போனான். செழியன் யாருடைய ஆதார் கார்டையோ லேமினேட் பண்ணிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"ஜெராக்ஸா?"

"இல்ல."

"போட்டோன்னா அந்த நீலத் துணிக்கு முன்னாடி ஒக்காருங்க. சட்டைல முதல் பொத்தான் போடணும்."

"செழியா, உன்னால ஒரு காரியம் ஆவணும்."

"இடையழகா?" என்றான் செழியன், மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அக்கா சொல்லிச்சி. நானும் பாத்தேன். ஒன்றரை மாசமா பாத்துக்கினுதான் இருக்கேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்தே? அது உன் படமாம். வக்கீலம்மா சொன்னாங்க. நீ ஒரு புகார் எழுதினா தூக்கிடுவாங்களாம்."

"தெரியும். எனக்கும் ஃபாரம் தெரியும். என் தொழிலே அதான்." லேமினேட் ஆன கார்டை எடுத்து ஓரத்தைக் கத்தரித்தான். "நீங்களா வந்து கேக்கட்டும்னு இருந்தேன். நல்லா பெருசா இருந்துச்சில்ல மாமா உங்க மூஞ்சி? கயிறு எதுவும் மறைக்கலியே?"

மாமா என்று சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை. வீரமணி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். ஸ்டூல் முனகியது.

"செழியா, பேனர் கடைக்காரன் மேல தப்பு இல்ல."

செழியன் கத்தரியைக் கீழே வைத்தான்.

"அவன் மொதல்ல உன் மூஞ்சிய நடுவுலதான் பெருசா வெச்சிருந்தான். தாய்மாமன்தானன்னு. நான் போய்ப் பாத்தேன். பக்கத்துல என் மூஞ்சி. உன்னுது எடுப்பா இருந்துச்சி. என்னுது... என்னுது இட்லி மாதிரி இருந்துச்சி. நான்தான் சொன்னேன், அவன சின்னதாக்குடா, ஓரமா தள்ளுடான்னு. கயிறு மட்டும் தானா வந்துச்சி. அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

 திட்டப்போகிறான் என்று வீரமணி நினைத்தான். செழியனின் உதடு கோணியது, தோள் குலுங்கியது, அப்புறம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். ஆதார் கார்டு வாங்க வந்த ஆள் ஒன்றும் புரியாமல் தானும் கொஞ்சம் சிரித்து வைத்தான்.

"ஒன்றரை வருஷம்! அந்த பேனர் கடைக்காரன் கூட நான் பேசறதே இல்ல மாமா! அவன் கல்யாணத்துக்குக்கூட போவல!"

கம்ப்யூட்டரில் ஃபாரத்தைத் திறந்தான். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தான். 'இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்கள்தானா?' என்று கேட்டது. செழியன் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டு, 'ஆம்' என்பதை அமுக்கினான்.

"அடுத்தது, 'உங்கள் படைப்பை விவரிக்கவும்.' இன்னா எழுதறது மாமா?"

"அருவின்னு எழுது."

"அருவி எங்க தெரியுது? நீங்கதான் மறைச்சிக்கினு நிக்கறீங்க."

'அருவிக்கு முன்னால் நிற்கும் என் மாமா' என்று எழுதினான். அசல் படம் கேட்டார்கள். செழியன் போனில் தேடி எடுத்தான். பேச்சு இல்லாத ஒன்றரை வருஷத்தில் அதை அவன் அழிக்கவில்லை என்பதை வீரமணி கவனித்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் செழியன் ஏதாவது கிண்டல்தான் சொல்வான். கேட்காமல் விட்டால் பாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலாம் நாள் விளம்பரம் காணாமல் போனது. வக்கீலம்மா, "பாத்தீங்களா" என்றார். ராசு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். தினமும் பார்த்துப் பழகிவிட்டதாம்.

பத்து நாள் கழித்து செழியனிடமிருந்து போன் வந்தது. "மாமா, நீங்க இப்ப வாயுத் தொல்லைக்கு லேகியம் சாப்புடறீங்க. பேரு குணசீலன். ஊரு ஆத்தூரு." அதற்கும் புகார் எழுதினான். அது போனது. ஆடி பிறந்ததும் மூட்டுவலித் தைலத்தில் வந்தான். அதில் 'முன்பு' மட்டும்தான், 'பின்பு' கிடையாது. செழியனுக்கு இது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மாமாவை எங்கெங்கே விற்கிறார்கள் என்று தேடுவான், கண்டுபிடித்தால் பிடித்து இறக்குவான். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடும்போது அந்த வாரத்துக் கணக்கைச் சொல்வான். அம்சவள்ளி புருஷனுக்குக் குழம்பு ஊற்றும்போது மட்டும், கறித்துண்டு விழாதபடி, கரண்டியைக் கொஞ்சம் சாய்வாகவே பிடித்தாள். அவன் கவனித்தான், கவனிக்காத மாதிரி இருந்தான்.

நர்மதா மறுபடியும் நாலாவது சீட்டில்தான் உட்கார்ந்தாள். எழுத்தை எடுத்துவிட்டு அனுப்பின படத்துக்கு அவளிடமிருந்து பதிலாக ஒற்றை 'சரி' மட்டும் வந்திருந்தது. அதற்குமேல் எதிர்பார்க்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று வீரமணிக்குத் தெரியும். ஆனாலும் நாலைந்து தடவை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

புரட்டாசியில் ஒருநாள் வெள்ளிமலையில் சடையன் என்ற பெரியவர் கையில் ஒரு சேவலோடு ஏறினார். செக்கச்செவேலென்று கொண்டை, கறுப்பில் பச்சை மின்னுகிற வால். வீரமணிக்குக் கை பரபரத்தது. போனை எடுத்தான். பிறகு நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டான்.

"பெரியவரே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா? நெட்டுல போடுவேன். வேணாம்னா வேணாம்."

"யார எடுக்கப்போறே? என்னயா, சேவலயா?"

"சேவலு நல்லா இருக்குங்க."

"அப்ப அத எடு. என்ன எடுக்காத. நான் தலைய திருப்பிக்கறேன்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பியதும் கைக்குள் இருந்த சேவலும் சேர்ந்து திரும்பியது. பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. படத்தில் கிடைத்தது ஒரு வாலும், பெரியவரின் காது ஒன்றும், கம்பியைப் பிடித்திருந்த வீரமணியின் கட்டைவிரலும். காதைக் காட்டி அதற்கும் அனுமதி கேட்டான். "காதுதான, போட்டுக்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே அதைப் போட்டான். மூணு லைக் வந்தது. ஒன்று அம்சவள்ளி, ஒன்று செழியன். மூணாவது அவனே போட்டுக்கொண்டது.